முத்தரசி பாட்டுப் பழகிய ஐந்து வருஷம்

மணலூத்துக்கு வருகிற வெளியூர்க்காரர் யாராவது, "உங்க ஊர்ல அஞ்சு வருஷமா ஒருத்தருக்கும் பாட வரலையாமே, நெசமா?" என்று கேட்டால், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இருப்பவர்கள் "ஆமா, வரல, அதுக்கென்ன இப்போ?" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டுத் தின்பார்கள், பாட வராததெல்லாம் அவர்களுக்கு ஒரு சங்கதியே இல்லை, அந்த ஐந்து வருஷமும் ஒரு தாலி கட்டுவதற்குள் ஊருக்கே நாக்குத் தள்ளிப்போனதுதான் சங்கதி, அதைக் கேட்டீர்களானால் வடையைக் கீழே வைத்துவிட்டு உங்களை உட்காரச் சொல்வார்கள்.

ஏனென்றால் மணலூத்து வழக்கம் அப்படி. பிள்ளையை முதன்முதலாகத் தொட்டிலில் போடும்போது அங்கே ஒரு ஊஞ்சல் பாட்டு பாட வேண்டும், அதே பிள்ளை வளர்ந்து மாப்பிள்ளையோடு மண ஊஞ்சலில் உட்காரும்போதும் அதே பாட்டைத்தான் பாட வேண்டும், "ஆத்தங்கரை வேம்புல கட்டின ஊஞ்சல், காத்துக்கும் தெரியாம ஆடு கண்ணே" என்று தொடங்குகிற எட்டு வரி, அதை உயிருள்ள தொண்டை ஒன்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடி முடித்தால்தான் ஐயர் தாலியை எடுத்துக் கையில் கொடுப்பார், ரேடியோ பாடினாலும் செல்லாது, வெளியூரில் போய்க் கட்டிக்கொண்டு வந்தாலும் செல்லாது, அப்படிக் கட்டிக்கொண்டு வந்த ஒரு ஜோடியைப் பதினோரு வருஷம் கழித்து மூன்று பிள்ளைகளோடு ஊஞ்சலில் உட்காரவைத்துப் பாடின பிறகுதான் ஊர் அவர்களுக்குக் கல்யாணம் ஆனதாகவே ஒப்புக்கொண்டது.

இந்தப் பாட்டை அந்த ஊரிலேயே படுமோசமாகப் பாடுகிறவள் உலகம்மாள். மேலத்தெருவில் மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில் வைத்திருந்தாள், புருஷன் செல்லையா மினி பஸ்ஸில் கண்டக்டர். உலகம்மாளுக்கு வார்த்தை ஒன்றுகூடப் பிசகாது, மெட்டுதான் சொன்ன பேச்சைக் கேட்காது. "வேம்புல" என்ற இடத்தில் ஒரு காரணமும் இல்லாமல் கிணற்றுக்குள் இறங்குவாள், "காத்துக்கும்" என்ற இடத்தில் கூரைமேல் ஏறி நிற்பாள், புறப்பட்ட இடத்துக்கு ஒருநாளும் திரும்பி வந்து சேர்ந்ததில்லை. நாலாம் வகுப்பில் டீச்சர் அவளைப் பார்த்து, "நீ வாயை மட்டும் அசை தாயி, சத்தம் வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டதிலிருந்து அவள் மனுஷர் முன்னால் வாய் திறந்து பாடினதில்லை. மில்லில் பெல்ட் ஓடத் தொடங்கினதும் அந்த இரைச்சலுக்குள் நின்று பாடுவாள், பாடுகிறது அவள் காதுக்கே கேட்காது, ஆனாலும் பாடுவாள், ஏனென்றால் அவளுக்குப் பாட அவ்வளவு ஆசை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்குப் பெண் பிறந்தது. பிள்ளை முதல் அழுகை அழுத அதே நிமிஷத்தில், சிவன் கோயிலில் நாயனக்காரர் குற்றாலிங்கம் பூபாளம் வாசித்துக்கொண்டிருந்தார். வைரக் கடுக்கனும் ஜவ்வாது வாசனையுமாக அவர் வந்து நின்றாலே சாமிக்கு முன்னால் அவருக்குக் கும்பிடு விழும், அப்பேர்ப்பட்டவர் குழலிலிருந்து "ங்ஙா" என்று ஒரு சத்தம் வந்தது. குழல் நுனியில் செருகுகிற சீவாளியை மாற்றினார், "ங்ஙா" என்றது. எச்சிலைத் துடைத்துவிட்டு ஊதினார், இன்னும் பலமாக "ங்ஙா" என்றது. பக்கத்தில் தவிலை அணைத்துக்கொண்டிருந்த சுடலைமுத்து, "அண்ணாச்சி, பசிக்குதோ?" என்று கேட்டதற்கு அவர் அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை.

அன்று முதல் மணலூத்தில் பேச்சுக்குக் குறைவில்லை, பாட்டுதான் உலகம்மாள் மகளுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவே எல்லோருக்கும் வந்தது. முதல் இரண்டு மாதம் பாட வாய் திறந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், தேவாலயத்துப் பாடகர் குழுவும் அழுதது, குளிக்கும்போது சினிமாப் பாட்டு முணுமுணுக்கிற தாசில்தாரும் அழுதார். மூன்றாம் மாதம் பிள்ளை விட்டத்தைப் பார்த்து "ஊ... ஆ..." என்று இழுக்கத் தொடங்கியதும் ஊரும் ஊ ஆ என்று இழுத்தது, புரட்டாசி பஜனை தெருத்தெருவாக ஊ ஆ என்று போனது, வீட்டுக்காரர்களும் வெளியே வந்து பயபக்தியோடு அதற்கே சுண்டல் கொடுத்தார்கள். ஆறாம் மாதம் பிள்ளை "ப்ப ப்ப ம்மா ம்மா" என்று ராகம் போட்டது, கையில் அகப்பட்ட கரண்டியால் தட்டை நினைத்தபோது அடித்தது, சுடலைமுத்துவின் தவிலும் நினைத்தபோது அடித்தது. வெளியூர் மேளக்காரர்களைக் கூட்டிவந்தால் ஊர் எல்லையில் இருக்கிற வாய்க்கால் பாலம் தாண்டுகிறவரை அருமையாக வாசித்துக்கொண்டு வருவார்கள், தாண்டினதும் ப்ப ப்ப.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, மழை அளவு எழுதுகிற இடத்துக்குக் கீழே "இன்று: ஊ, ஆ" என்றும், பிறகு "இன்று: ப்ப, ம்மா (கை தட்டல் உண்டு)" என்றும் எழுதிப்போட்டார்கள். ஜோசியர் கிரகத்தை விட்டுவிட்டு முத்தரசிக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பார்த்து முகூர்த்தம் குறித்தார். பிள்ளைக்கு முத்தரசி என்று பெயர் வைத்ததே ஊர் கூடித்தான், பாவம் செல்லையா வேறொரு பெயர் யோசித்து வைத்திருந்தான், யாரும் அவனைக் கேட்கவில்லை.

பிள்ளைக்கு ஏழு மாதம் நடக்கும்போது அரிசிக்கடை வீட்டில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார்ந்தாகிவிட்டது, சுற்றி நின்ற பெண்கள் எட்டு வரியையும் எப்படியாவது பாடிவிட வேண்டும் என்று வேர்த்து விறுவிறுத்துப் பாடினார்கள், ப்ப ப்ப ம்மா ம்மா என்பதைத் தாண்டவில்லை. முகூர்த்தம் முடிய கால் மணி நேரம். ஐயர் தாலியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையும் பெண்ணின் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரத்தில் சமையல்கட்டில் சாம்பார்ப் பொடி கொடுக்க வந்திருந்த உலகம்மாள், இடுப்பில் இருந்த பிள்ளை சிணுங்குகிறதே என்று, கிரைண்டர் ஓடுகிற தைரியத்தில் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன கரண்ட் அப்போது பார்த்துப் போய்விட்டது, கிரைண்டர் நின்றுவிட்டது, "காத்துக்கும்" மட்டும் கூரைமேல் ஏறிப்போய் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யாரும்மா அது? வார்த்தை வருதே!" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார்.

பிள்ளையும் கையுமாக அவளை இழுத்துவந்து ஊஞ்சல் முன்னால் நிறுத்தினார்கள். உலகம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்கு மெட்டு வராது அத்தை" என்றாள். "மெட்டை யாரு கேட்டா, பாடி முடிளா!" என்றாள் பெண்ணின் அம்மா, அழுதுகொண்டே. உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், கிணற்றுக்குள் இறங்கினாள், கூரைமேல் ஏறினாள், எட்டு வரியையும் முடித்தாள், தாலி ஏறியது, பெண்ணின் அப்பா அவள் காலில் விழப்போனார்.

ஊருக்கே போன பாட்டு இவளிடம் மட்டும் எப்படித் தங்கியது என்று அன்றைக்குப் பந்தியில் பெரிய விவாதம் நடந்தது. "அவகிட்ட எடுத்துக்கிட ஒண்ணும் இல்லைல்லா, அதான் விட்டுட்டு" என்றான் சுடலைமுத்து, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. அதையே ஊரும் ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகு உலகம்மாள் பாடாமல் மணலூத்தில் ஒரு தாலி ஏறவில்லை, ஒரு தொட்டில் ஆடவில்லை. காலையில் மிளகாய் அரைப்பாள், பத்து மணிக்குத் தலை குளித்துப் பட்டுடுத்தி மைக் முன்னால் நிற்பாள், பக்கத்து நாற்காலியில் முத்தரசி கால் ஆட்டிக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்தில் முகம் சுளிக்காதவர்கள் இல்லை, காதைப் பொத்தினவர்களும் உண்டு, ஆனால் அவளை நிறுத்தச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் இல்லை. உலகம்மாளுக்கு அது போதும். மிளகு போட்டுப் பால் குடிக்க ஆரம்பித்தாள், தொண்டையில் பனி படாமல் மஃப்ளர் கட்டினாள், "பாடகி அம்மா, சோறு உண்டா?" என்று செல்லையா கேலி பேசினால், "கச்சேரி முடிஞ்சுதான்" என்பாள்.

ஒருவருக்குத்தான் அது பொறுக்கவில்லை. குற்றாலிங்கத்தின் மகள் சிவகாமிக்கு அம்பாசமுத்திரத்து வாத்தியார் மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. "எம் மக கழுத்துல இவ பாடி ஒரு தாலி ஏறணுமா? அன்னைக்கு நான் நாயனத்தை ஒடிச்சு அடுப்புல வைப்பேன்" என்று அவர் கோயில் வாசலில் வைத்துச் சொன்னார், அந்தப் பிள்ளை முறையாகப் பாடி ஊர் தெளிகிறவரை கல்யாணம் இல்லை என்றார். சிவகாமி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாத்தியார் மாப்பிள்ளை மாதா மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, கரும்பலகையைப் படித்துவிட்டு, பெருமூச்சு விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிப் போவார்.

ஒன்றரை வயதில் முத்தரசி விளையாடுகிறபோது தனக்குத்தானே இரண்டு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆட்டியது, ஊரும் அப்படியே. திருவிழாவில் சாமி எட்டு வீதியும் இரண்டே ஸ்வரத்தில் சுற்றிவந்தது. இரண்டு வயதில் அம்மா பாடுகிற வரியின் வாலை மட்டும் பிடித்தது. உலகம்மாள் "கட்டின" என்று நிறுத்தினால் "ஊஞ்ச!" என்று கத்தும், ஊர்ப் பெண்களும் கல்யாணங்களில் அவள் பின்னால் நின்று "ஊஞ்ச!" என்றும் "கண்ணே!" என்றும் சந்தோஷமாகக் கத்தினார்கள். மூன்றாம் வயதில் ஒருநாள் எட்டு வரியையும் முழுசாகப் பாடிவிட்டது. ஊர் வெடி வெடித்தது. உலகம்மாள் அவசரமாக மில்லை நிறுத்திவிட்டு ஓடிவந்து கேட்டாள், பிள்ளை "வேம்புல" என்ற இடத்தில் கிணற்றுக்குள் இறங்கியது.

மறுநாள் முதல் மணலூத்து முழுவதும் உலகம்மாளைப் போலவே பாடியது. அது அவளுக்கு எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று சொல்லி முடியாது, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பெண்களோடு தோள் உரசி நின்று பாடினாள். ஆனால் மற்றவர்களுக்குக் காது இருந்ததே, அதுதான் வினை. "இப்படிப் பாடிக்கிட்டு உசிரோட இருக்கணுமா?" என்று அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்கள். மூன்று வயது மூன்றே கால் ஆயிற்று, மூன்றரை ஆயிற்று, பிள்ளை கிணற்றைவிட்டு மேலே வரவில்லை. கரும்பலகையில் "இன்று: உலகம்மாள்" என்று எழுதிப்போட்டார்கள்.

குற்றாலிங்கம் பஞ்சாயத்தைக் கூட்டினார். "தாய் வாயைப் பாத்துத்தான் பிள்ளை படிக்கி. தாய்க்கு இதுக்கு மேல படி கிடையாது. இவ பாடுற வரைக்கும் அது இங்கனயே நிக்கும், நாமளும் சாகுற வரைக்கும் இங்கனயே நிக்கணும். எந் தங்கச்சி கும்பகோணத்துல இருக்கா, நல்ல பாட்டுக்காரி. பிள்ளையை ரெண்டு வருஷம் அங்க விடுவோம்" என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். செல்லையா எழுந்து நின்றான், யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை, மறுபடி உட்கார்ந்தான்.

உலகம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எம் பிள்ளையை ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேன், அண்ணாச்சி. நான் பாடுறதுதான வியாதி? இனிமே பாடலை. இந்தப் பிள்ளை மேல சத்தியம்" என்றாள்.

ஊர் செலவில் அவள் வீட்டுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் வந்தது, உயர்ந்த சங்கீதமாகக் காலை முதல் மாலைவரை பாடியது. முத்தரசி அதன் எதிரே உட்கார்ந்து அதற்கு வாய் எங்கே என்று தேடியது, கிடைத்த ஓட்டையில் இட்லியை ஊட்டியது, பிறகு துண்டைப் போட்டு மூடித் தூங்கவைத்துவிட்டது. உலகம்மாள் மில்லைச் சாத்திவிட்டாள், பெல்ட் ஓடினால் வாய் தானாகப் பாடிவிடும் என்று பயம். பிள்ளை அவள் மடியில் ஏறும், விரலால் அம்மாவின் உதட்டைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்க்கும், பாட்டு எங்கே போயிற்று என்று தேடும். உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் அழுதது அந்தத் தெருவுக்கே தெரியும்.

பத்து நாளில் பிள்ளை வரிகளை மறந்தது. ஒரு மாதத்தில் "ஊஞ்ச" மட்டும் மிஞ்சியது, அதற்கு அடுத்த வாரம் ப்ப ப்ப, பிறகு ஊ ஆ. ஊர் வந்த வழியே படிப்படியாக இறங்கியது, கரும்பலகை எழுதுகிறவர் பழைய குறிப்புகளைப் பார்த்துத் தலைகீழாக எழுதினார். பெரிய பண்ணைக்காரர் செத்தபோது ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் ஒவ்வொருவராக "ப்பா ப்பா" என்று கை தட்டினார்கள், துக்கத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் பிள்ளை பாட்டென்று எந்தச் சத்தமும் போடாமல் சும்மா உட்கார்ந்தது. அன்றைக்குக் குற்றாலிங்கம் பூபாளத்துக்கு நாயனத்தை வாயில் வைத்து ஊதினார், வெறும் காற்று வந்தது. மறுபடி ஊதினார், காற்று. "ங்ஙா"கூட இல்லை.

அவர் நேராக வீட்டுக்குப் போனார், ஒரு தூக்குவாளி நிறைய மிளகாய் வற்றலை எடுத்துக்கொண்டு, வெயிலில் மேலத்தெருவுக்கு நடந்தார். மில் பூட்டியிருந்தது. படியில் உலகம்மாளும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அரைக்கணும், தாயி" என்றார்.

"மில்லு ஓடலை, அண்ணாச்சி."

"தெரியும்." வாளியைக் கீழே வைத்தார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், ஜவ்வாது வாசனையெல்லாம் இல்லை. "முப்பத்தஞ்சு வருஷமா ஊதுதேன். இன்னைக்குக் காத்துதான் வந்துச்சு. எம் மக அடுப்படியில நின்னு, 'இப்போ திருப்திதானப்பா'ன்னு கேக்கா. நீ பாடு, உலகு."

"தப்பா வருமே, அண்ணாச்சி."

"வரட்டும்."

"உங்க காது தாங்காது."

"ஒண்ணுமே கேக்காததைத் தாங்க முடியலையே, நான் என்ன செய்ய?" என்றார் அவர். உலகம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளை மேல் செய்த சத்தியத்தைப் பிள்ளையிடமே, "விட்டுரட்டுமா அரசி?" என்று கேட்டாள், அது மறுபடியும் அவள் உதட்டை விரலால் பிரித்தது. அவள் கதவைத் திறந்து பெல்ட்டை ஓடவிட்டு மிளகாயைக் கொட்டிப் பாடினாள், நாயனக்காரர் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டார், அது மிளகாய்க்கா பாட்டுக்கா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மாலைக்குள் ஊரில் ஊ ஆ வந்துவிட்டது.

அதன் பிறகு முத்தரசியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் விட்ட இடத்தைப் பிடித்தது, நாலாம் வயதில் தாளம் வந்துவிட்டது, சுடலைமுத்து தன் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். பாட்டுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட ஆரம்பித்தது, ஊஞ்சல் பாட்டில் புறப்பட்டு அப்பாவின் மினி பஸ்ஸில் ஏறி "முன்னால நகரு, முன்னால நகரு" என்று போய்ப் பால்காரரின் ஹாரனில் இறங்கும். அந்த வருஷத் திருக்கல்யாணத்தில் குற்றாலிங்கத்தின் நாயனமும் நல்ல கீர்த்தனையில் தொடங்கி முன்னால நகரு என்று போனது, கூட்டமும் நகர்ந்தது. அவரும் ஊதிக்கொண்டே நகர்ந்தார். ஒரே ஒரு ஆசைதான் வைத்திருந்தார், பிள்ளைக்கு ஐந்து முடிந்து சுருதி நின்றுவிட்டால், மகள் கல்யாணத்தில் தன் தாத்தா காலத்து மெட்டைச் சுத்தமாக ஊதிவிட வேண்டும்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். பலகையில் "ஐந்து வயது, இரண்டு மாதம். சுருதி ஆடவில்லை" என்று எழுதியிருந்தது. சிவகாமிக்கு வயது முப்பதைத் தொட்டிருந்தது, வாத்தியாருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது, இருவரும் ஊஞ்சலில் உட்கார்ந்து எதைக் கேட்டாலும் சரி என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் தானாகவே ஒதுங்கிக் கரண்டியும் கையுமாகச் சமையல்கட்டு வாசலில் நின்றாள். இனிமேல் ஊருக்குத் தன் பாட்டு வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தாள். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. "நீ போய்ப் பாடு அரசி" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

முத்தரசி ஊஞ்சல் முன்னால் போய் நின்று பாடியது. சுருதி ஆணி அடித்தது மாதிரி நின்றது, இம்மி அசையவில்லை. பெண்களும் தொண்டை திறந்து சேர்ந்துகொண்டார்கள், தவில் பிடித்துக்கொண்டது, குற்றாலிங்கம் கண்ணை மூடி நாயனத்தை எடுத்தார். "வேம்புல" வந்தது. நூறு பெண்களும் ஒரே நேரத்தில், மயிரிழை பிசகாமல், கிணற்றுக்குள் இறங்கினார்கள். "காத்துக்கும்" என்றதும் ஒருத்தர் மிச்சமில்லாமல் கூரைமேல் ஏறினார்கள். நாயனமும் இறங்கியது, நாயனமும் ஏறியது, ஒவ்வொரு வளைவும் சுளிப்பும் அவர் விரலில் அச்சுப் பிசகாமல் விழுந்தது. இரண்டாவது வரியில் அவர் பழைய மெட்டுக்குத் திரும்பப் பார்த்தார், விரல் போகவில்லை. மூன்றாவது வரியில் பழைய மெட்டு எது என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. சுற்றிலும் பார்த்தார், ஒருவர் முகத்திலும் அது இல்லை.

"அண்ணாச்சி, இது என்ன ராகம்?" என்றான் சுடலைமுத்து, வாசித்துக்கொண்டே.

அவர் குழலை வாயிலிருந்து ஒரு விரற்கடை எடுத்து, "தெரியலடே. ஆனா சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார், கன்னம் இரண்டும் உப்பி, கடுக்கன் ஆட, அவர் வாழ்நாளில் அப்படி ஊதினதில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

உலகம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, பந்தலுக்குள் புகுந்து, பிள்ளை பக்கத்தில் போய் நின்று அவளும் வாய் திறந்தாள், பாடினாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை, ஊர் மொத்தத்திலும் அவள் குரல் எது என்று தனியாகத் தெரியவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்து, ஏழாவது வரியில் ஏற வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துக் கீழேயே நின்றுவிட்டாள்.

முத்தரசி பாட்டை நிறுத்தியது. தவில் நின்றது, நாயனம் நின்றது, ஐயர் தாலியோடு நின்றார். பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"அம்மா, தப்பு. அங்கன மேல ஏறணும்."

ஊர் முழுக்க அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. உலகம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏழாவது வரியை மறுபடி எடுத்து, மேலே ஏறினாள்.